வீட்டுத் தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

செப்டம்பர் பிறந்ததும் வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றியே இருக்கின்றன. இணையத்தில் காணும் தோட்டக் குறிப்புகள் எல்லாம் இலையுதிர்காலத்தைப் பற்றிப் பேசுகின்றன. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒரு பாகைக்குச் சற்றுமேல் மட்டுமே தள்ளியிருக்கும் நம் சிங்கப்பூர்த் தீவில் அவற்றில் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று வாசகர்கள் கேட்கிறார்கள். இங்கே பருவத்தை மாற்றுவது குளிர் அன்று. மழையும் வெயில் விழும் திசையும்தான். இம்மாதப் பதில்கள் அனைத்தும் அந்த இரண்டையும் ஒட்டியே அமைந்துள்ளன.

கேள்வி: எங்கள் தரைவீட்டின் முன்புறம் சுமார் 40 சதுர மீட்டர் புல்வெளி இருக்கிறது. செப்டம்பரில் மண்ணைத் துளையிட்டு, புது விதை தூவி, உரமிட வேண்டும் என்று வெளிநாட்டுக் காணொளிகள் சொல்கின்றன. இங்கும் அப்படிச் செய்யலாமா? வாயிலருகே மண் இறுகிப்போய், மழை பெய்தால் நீர் தேங்குகிறது. அந்த இடத்தில் புல் அழிந்து பச்சைப் பாசி படர்ந்துவிட்டது.
– சிராங்கூன் கார்டன்ஸ் வாசகர்

பதில்: துளையிடுங்கள், விதை தூவ வேண்டாம், உரத்தை அளவோடும் நேரம் பார்த்தும் இடுங்கள்.

குளிர்நாடுகளில் வளர்க்கப்படும் ரைகிராஸ், ஃபெஸ்க்யூ, கென்டக்கி புளூகிராஸ் ஆகிய புல்வகைகள் ஏறத்தாழ 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரையிலான குளுமையில்தான் செழிக்கும். கோடையில் வாடிக் கிடந்த அவை செப்டம்பரில் மீண்டும் உயிர்பெறுவதால் அங்குள்ளவர்கள் அப்போது விதைக்கிறார்கள். நம்முடைய இரவின் மிகக் குறைந்த வெப்பமே பெரும்பாலும் 23 முதல் 25 டிகிரி வரை இருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில், பொட்டலத்தின் மேலிருந்த படத்தை நம்பி நானும் ரைகிராஸ் விதையை வாங்கித் தூவியிருக்கிறேன். ஆறாம் நாளே பட்டு நூல் போல முளைத்து நின்றதைக் கண்டு வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். ஐந்தாவது வாரத்தில் நுனி பழுத்து, அடித்தண்டு குழைந்து, விரலால் தொட்டு இழுத்தால் வேரின்றிக் கையோடு வந்தது. அந்த விதையின் மேல் தவறில்லை. அதற்குரிய மண்ணும் காற்றும் இவை அல்ல.

நம் வீடுகளில் பொதுவாக இருப்பது அகன்ற இலையுடைய ‘கவ் கிராஸ்’ அல்லது மெல்லிய இலையுடைய சோய்சியா. இரண்டும் வெப்பநாட்டுப் புற்கள். ஆண்டு முழுவதும் வளர்பவை. தண்டோடித் தாமே படர்பவை. ஆகவே வெற்றிடத்தை நிரப்ப விதை தேவையில்லை. நர்சரியில் புல்பத்தைகளாக வாங்கிப் பதிக்கலாம், அல்லது உங்கள் புல்வெளியின் செழிப்பான ஓரத்திலிருந்தே கையகலத் துண்டுகளை வெட்டி இடைவெளி விட்டு நடலாம். வாயிலருகே மரநிழலோ மதில் நிழலோ விழுமானால் சோய்சியாவை அங்கே நடாதீர்கள். அதற்கு நாள் முழுதும் வெயில் வேண்டும். கவ் கிராஸ் ஓரளவு நிழலையும் புளிப்பு மண்ணையும் பொறுத்துக்கொள்ளும்.

துளையிடும் வேலையை இப்போதே தொடங்குங்கள். அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை தொடர்ந்து, டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை வந்தபின் களிமண்ணில் கால் வைப்பதே கேடு. ஈரமண்ணை மிதித்தால் அது முன்னிலும் இறுகும். மண் காய்ந்தும் இல்லாமல் சேறாகவும் இல்லாமல் இருக்கும் நாளில், நான்கு பல் கொண்ட தோட்ட முட்கரண்டியை 10 செண்டிமீட்டர் ஆழத்திற்குக் குத்தி, மெல்லப் பின்னால் சாய்த்து எடுங்கள். சாய்க்கும்போது புல்தரை சற்றே மேலெழுவது கண்ணுக்குத் தெரியும். மண் தளர்ந்ததற்கு அதுவே அடையாளம். ஒரு சாண் இடைவெளியில் இப்படியே குத்திக்கொண்டு போய், பிறகு கழுவிய பருமணலையும் நன்கு மக்கிய உரத்தையும் கலந்து, அரை செண்டிமீட்டர் கனத்திற்குத் தூவித் துடைப்பத்தால் துளைகளுக்குள் தள்ளுங்கள். கட்டடக் கழிவோடு கிடக்கும் நுண்மணல் கூடாது. அது களிமண்ணோடு சேர்ந்து காரை போலாகிவிடும்.

பாசியைச் சுரண்டி எடுப்பது அரைநாள் வேலை. அது திரும்பி வருவது ஒரு வார வேலை. நீர் ஏன் அங்கே தேங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் அதை ஒழிக்க முடியாது. ஒரு மழைநாளில் குடையோடு வெளியே நின்று பாருங்கள். பல வீடுகளில் கூரைத் தண்ணீர்க் குழாயின் வாய் புல்வெளியை நோக்கியே இருக்கும், அல்லது வாகனம் நிறுத்தும் தளத்திலிருந்து நீர் வழிந்து வரும். வடிகாலை நோக்கி ஆழமில்லாத சாய்வு ஒன்றை இப்போதே அமைத்துவிட்டால் ஜனவரி வரை கவலையில்லை. மக்கள் நடந்து நடந்துதான் அவ்விடம் இறுகியது என்றால், புல்லோடு போராடாமல் நான்கு நடைகற்களைப் பதித்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

உரம் பற்றி: 15-15-15 கலப்புரமானால் (தழை, மணி, சாம்பல் சத்துகள் தலா 15 விழுக்காடு கொண்டது) சதுர மீட்டருக்கு 20 கிராம் போதும். அதாவது உங்கள் இடத்திற்கு 800 கிராம். புல் ஈரமின்றி இருக்கும்போது தூவி, உடனே மிதமாக நீர் தெளித்துக் கரைய விடுங்கள். கனமழைக்கு முன் இட்டால் அது வேருக்குப் போகாமல் வடிகாலுக்குப் போகும். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதால், உங்கள் வாயில் வடிகாலில் ஓடுவது பெரும்பாலும் ஒரு நீர்த்தேக்கத்தில்தான் சென்று சேர்கிறது. தொடர்மழை நம் மண்ணிலுள்ள சுண்ணாம்பு, மக்னீசியச் சத்துகளைக் கரைத்துச் செல்வதால் மண் புளிப்பேறும். அதற்கு டோலமைட் சுண்ணாம்பு இடுவது வழக்கம். ஆனால் சுண்ணாம்பையும் அமோனியா சார்ந்த உரத்தையும் ஒரே நாளில் இடக்கூடாது. தழைச்சத்து வாயுவாகிக் காற்றில் போய்விடும். இரண்டுக்கும் இடையே மூன்று வாரம் விடுங்கள்.

வெட்டும் உயரத்தையும் கவனியுங்கள். மழைக்காலத்தில் வேகமாக வளர்கிறதே என்று ஒட்ட வெட்டுவோர் பலர். கவ் கிராஸை 5 செண்டிமீட்டர் அளவில் விடுங்கள். எந்த முறை வெட்டினாலும் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். இடையிடையே கோரை தலைநீட்டினால் இலையை மட்டும் பிடுங்குவது வீண். கீழே கருநிறக் கிழங்குகள் கோத்த மாலை போல் தொடர்ந்திருக்கும். மண் தளர்ந்திருக்கும் இந்த நாள்களிலேயே அவற்றைத் தோண்டி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்தில் கறிவேப்பிலை, மிளகாய், துளசி வளர்க்கிறேன். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை செழிப்பாக இருக்கின்றன. செப்டம்பர் இறுதியிலிருந்து அதே தண்ணீர், அதே உரம் கொடுத்தும் மிளகாய் பூவை உதிர்க்கிறது, கறிவேப்பிலை துளிர்ப்பதில்லை. மூன்று ஆண்டுகளாக இப்படியே நடக்கிறது. கண்ணேறு என்கிறார் என் மாமியார். என்ன செய்வது?
– ஈசூன் வாசகி

பதில்: ஒவ்வொரு ஆண்டும் அதே வாரத்தில் அது நடக்கிறது என்று நீங்கள் குறித்து வைத்ததே பாதி விடை, அம்மா. உங்கள் தாழ்வாரம் வடக்கு நோக்கியது என்று நினைக்கிறேன். திசைகாட்டியை வைத்துப் பாருங்கள்.

நமக்குப் பகல் நேரம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். கூடுவதும் குறைவதும் 10 நிமிடத்திற்குள் அடங்கும். ஆனால் சூரியன் செல்லும் வழி மாறுகிறது. மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை அது நம் தலைக்கு வடக்கே சாய்ந்து செல்கிறது. செப்டம்பர் 23 வாக்கில் நேர் கிழக்கே உதித்து, நண்பகலில் உச்சந்தலைக்கு மேல் நின்று, நேர் மேற்கே மறைகிறது. அதன்பின் அடுத்த மார்ச் வரை தெற்கே சாய்ந்து விடுகிறது. டிசம்பர் 21 வாக்கில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து தெற்கே சுமார் 25 பாகை விலகியிருக்கும். ஆகவே ஆறு மாதம் உங்கள் தாழ்வாரத்துக்குள் காலையும் மாலையும் சாய்வாக நுழைந்த வெயில், அடுத்த ஆறு மாதம் எதிர்ப்பக்கத்து வீடுகளுக்குப் போய்விடுகிறது. போதாக்குறைக்கு டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்று மழைச்சாரலை உங்கள் பக்கமே அடித்துக்கொண்டு வரும். வெயில் இல்லை, ஈரம் மிகுதி; கறிவேப்பிலை வேருக்கு இதைவிடத் துன்பம் வேறில்லை.

நீங்களே கண்ணால் காண ஒரு வழி உண்டு. இன்று காலை ஒன்பது மணிக்குத் தாழ்வாரத் தரையில் வெயில் எதுவரை விழுகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுத் தேதியை எழுதுங்கள். வாரம் ஒரு கோடு. நாலைந்து கோடுகளுக்குப் பிறகு, வெயில் கைப்பிடிச் சுவரை நோக்கி நழுவிக்கொண்டே போய் மறைவதை மாமியாரே வந்து பார்க்கலாம்.

வெயில் குறைந்த செடி குறைவாகவே நீர் குடிக்கும். எனவே முதலில் தண்ணீரைக் குறையுங்கள்: விரலின் இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டு, ஈரம் தட்டாதபோது மட்டும் ஊற்றுங்கள். தழைச்சத்து உரத்தை நிறுத்துங்கள். வெளிச்சமில்லாத இடத்தில் அது கொடுக்கும் வளர்ச்சி நெடுநெடுவென்று நோஞ்சானாகவே இருக்கும், அசுவினிக்கும் செதிள் பூச்சிக்கும் விருந்தாகும். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றும் பழக்கத்தை நான் குறை கூற மாட்டேன், என் தாயாரும் ஊற்றியவர்தான்; ஆனால் அதிலுள்ள சத்து மிகக் குறைவு, நிழலில் காயாத மண்ணில் அது எறும்பையும் வாடையையுமே கொண்டுவரும். ஆகவே மார்ச் வரை வேண்டாம்.

வீட்டின் தெற்குப் பக்கச் சன்னலோரம் இடமிருந்தால் மிளகாயையும் துளசியையும் அங்கே மாற்றுங்கள். ஒரே நாளில் கடும்வெயிலுக்குக் கொண்டுபோகாமல் பத்து நாள் பழக்கி மாற்றினால் இலை கருகாது. இடமில்லையென்றால், தெற்கு நோக்கிய தாழ்வாரமுள்ள ஒரு தோழியோடு ஆறு மாத ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். என் புளோக்கில் இருவர் இப்படித் தொட்டிகளை மாற்றிக்கொண்டு ஆண்டு முழுதும் மிளகாய் பறிக்கிறார்கள். காலியாகும் இடத்தில் ரம்பை, வல்லாரை, வெற்றிலை ஆகியவற்றை வையுங்கள். அரை நிழலில் அவை நிறைவாகவே வளரும். எதை மாற்றினாலும், பொது நடைவழியில் 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்ற குடிமைத் தற்காப்புப் படையின் விதியையும், கைப்பிடிச் சுவரின் மேல் எந்தத் தொட்டியும் இருக்கக்கூடாது என்பதையும் மறவாதீர்கள். பருவமழைக்கு முன் அதிகாலையில் வரும் சுமத்ராக் காற்று ஒரு நிமிடத்தில் தொட்டியைத் தள்ளிவிடும். கீழே யாரோ ஒருவர் நடந்துகொண்டிருப்பார்.

கேள்வி: ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது சிங்கப்பூருக்குப் பொருந்துமா?
– அங் மோ கியோ வாசகர்

பதில்: பொருந்தாது. தமிழகத்து உழவர் ஆடியில் விதைத்துப் பின்வரும் மழையை நம்பினார். இங்கே சராசரியாக ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, எல்லா மாதங்களிலும் பெய்கிறது. கங்கோங், தண்டுக்கீரை, வெண்டை எதையும் எந்த மாதத்திலும் விதைக்கலாம். ஆனால் டிசம்பர், ஜனவரி அடைமழையில் கீரை நாற்றுகள் அழுகுவது மிகுதி. அதனால் புரட்டாசியில் விதைத்துக் கார்த்திகை பிறப்பதற்குள் அறுவடையை முடித்துவிடுவதை நான் வழக்கமாகக் கொண்டிருக்கிறேன்.

கேள்வி: தீபாவளிக்கு வீட்டுச் செண்டுமல்லிப் பூவால் மாலை கட்ட விரும்புகிறேன். எப்போது விதைக்க வேண்டும்?
– தெம்பனிஸ் வாசகி

பதில்: குட்டை ரகம் விதைத்து எட்டு வாரத்தில் பூக்கும், மாலைக்கு ஏற்ற பெரும்பூ ரகத்திற்குப் பத்து முதல் பன்னிரண்டு வாரம் வேண்டும். பண்டிகை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நாள் தவறியிருந்தால் மொட்டுவிட்ட நாற்றை நர்சரியில் வாங்குங்கள். செடி ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைத்து அதிகம் பூக்கும். பூ மழையில் நனைந்தால் அடர்ந்த இதழ்களுக்குள் நீர் தங்கி, நடுவிலிருந்து அழுகிவிடும். மொட்டு நிறம் காட்டியதும் தொட்டியைக் கூரை ஓரத்துக்கு நகர்த்திவிடுங்கள், தண்ணீரை அடியில் மட்டும் ஊற்றுங்கள். இரண்டு முழ மாலைக்கே எத்தனை பூ வேண்டும் என்பதைத் தேக்காவில் பூக்கட்டுபவர்களின் கூடையைப் பார்த்தால் தெரியும். ஒரு தொட்டி போதாது. வாசல் தோரணத்துக்கு வீட்டுப் பூ, மாலைக்குக் கடைப்பூ என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் கொசு வராமல் தொட்டிகளை எப்படி வைப்பது? அடித்தட்டில் மணல் நிரப்பினால் போதுமா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: மழை படும் தொட்டிகளுக்கு அடித்தட்டே வேண்டாம். ஏடிஸ் கொசு பெருக 20 காசு நாணயத்தளவு நீர் போதும் என்று தேசியச் சுற்றுப்புற அமைப்பு சொல்லிவருகிறது. முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள்தான். மணல் மழையில் கழுவப்பட்டு ஒரு பக்கம் ஒதுங்கினால் மறுபக்கம் குட்டையாகிவிடும். உட்புறத் தொட்டிக்குத் தட்டு தேவையென்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் நீரைக் கொட்டி, விளிம்பைத் தேய்த்துக் கழுவுங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருக்கக்கூடியவை.

பலரும் தட்டைக் கவனித்துவிட்டு மண்ணை மறந்துவிடுகிறார்கள். இறுகிய தொட்டி மண்ணின் மேலேயே நீர் நின்று புழு நெளிவதை நான் கண்டிருக்கிறேன். வாரம் ஒருமுறை சிறு குச்சியால் மேல்மண்ணைக் கிளறிவிடுங்கள். அடித்துளை வேரால் அடைபட்டிருக்கிறதா என்றும் இப்போதே தொட்டியைச் சாய்த்துப் பாருங்கள். மழை தொடங்கியபின் மண் மாற்றுவது கடினம். தேங்காய் நார்த்தூள் மிகுந்த கலவை நீரைப் பிடித்து வைக்கும். அதில் நான்கில் ஒரு பங்கு பெர்லைட் எனும் இலேசான வெண்கல் துகளோ பருமணலோ சேர்த்துவிடுங்கள். தரைவீடென்றால் கூரைத் தகரக் கால்வாயில் அடைந்திருக்கும் சருகையும் அள்ளிவிடுங்கள்.

கேள்வி: செப்டம்பரில் மகளோடு தங்க டொரோண்டோ செல்கிறேன். அவள் வீட்டுப் புல்வெளி கோடையில் பழுத்துக் கிடக்கிறதாம். நான் உதவக்கூடியது என்ன? அவளது கறிவேப்பிலைத் தொட்டியையும் காப்பாற்ற வேண்டும்.
– புக்கிட் பாத்தோக் வாசகி

பதில்: நீங்கள் போகும் நேரம் மிகச் சரியானது. இங்கே வேண்டாமென்று முதல் வாசகருக்குச் சொன்ன விதையை அங்கே தாராளமாகத் தூவலாம். மண்ணில் இன்னும் கோடைச் சூடு இருக்கும், காற்று குளிர்ந்திருக்கும், களைகளின் வேகம் தணிந்திருக்கும். போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே வேலையைத் தொடங்குங்கள். புல்லை ஒட்ட வெட்டி, சருகை வாரி, துளையிட்டு, விதை தூவி, மேலே மெல்லிய மக்கு உரம் போட்டு, முளைக்கும் வரை நாளுக்கு இருமுறை இலேசாகத் தெளியுங்கள். ரைகிராஸ் ஐந்து முதல் பத்து நாளில் முளைக்கும். கென்டக்கி புளூகிராஸுக்கு மூன்று நான்கு வாரம்கூட ஆகும் என்பதால் பொறுமை வேண்டும். களைக்கொல்லி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்: டொரோண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாநிலத்தில் 2009 ஏப்ரலிலிருந்து வீட்டுப் புல்வெளிகளில் வழக்கமான இரசாயனக் களைக்கொல்லிகளுக்குத் தடை இருக்கிறது. கையால் பிடுங்குவதே வழி.

கறிவேப்பிலையை இரவு வெப்பம் 10 டிகிரியைத் தொடும்வரை காத்திருக்காமல், 13 டிகிரி வரும்போதே உள்ளே எடுத்துவிடச் சொல்லுங்கள். எடுக்கும் முன் இலையின் அடிப்புறத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, பூச்சி இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள். தெற்குச் சன்னல்தான் அதற்கு ஏற்ற இடம். குளிர்காலத்தில் அது இலை உதிர்த்து மொட்டையாக நின்றாலும் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் செடி உறங்குகிறது. தண்ணீரைக் குறைத்து விட்டுவைத்தால் ஏப்ரலில் துளிர்க்கும். பூண்டுப் பற்களை அக்டோபரில் நட்டுவிட்டு வந்தால் அடுத்த ஜூலையில் மகள் தோண்டி எடுப்பாள். அங்கே கிடைக்கும் டியூலிப் கிழங்குகளை ஆசைப்பட்டு இங்கே கொண்டுவர வேண்டாம். மூன்று மாதத்துக்கும் மேல் குளிரில் கிடந்தால்தான் அவை பூக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டு முற்றத்துக் கெத்தாப்பாங் மரம் இப்போது இலைகள் சிவந்து உதிர்க்கிறது. நோயா? இலைகளை என்ன செய்வது?
– பிடோக் வாசகர்

பதில்: நோயில்லை. தமிழில் நாட்டுவாதுமை எனப்படும் இம்மரம் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை இலை சிவந்து உதிர்க்கும். நம் ஊரில் இலையுதிர்காலத்தைக் காண விரும்பும் பேரப்பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல மரமில்லை. ஒரு வாரத்திலேயே புதுத் துளிர் நுனியில் மெழுகுத்திரி போல நிமிர்ந்து நிற்பதைக் காட்டுங்கள்.

சண்டைமீன் வளர்ப்போர் இவ்விலையைத் தொட்டித் தண்ணீரில் போடுவார்கள். அண்டை வீட்டுப் பையன்கள் கேட்டால் கொடுங்கள். மீதியை மக்க வையுங்கள். தடித்த இலையாதலால் கையால் கிழித்தோ புல்வெட்டியை அதன்மேல் ஓட்டியோ துண்டாக்குங்கள். காய்ந்த இலை மூன்று பங்கு, காய்கறிக் கழிவு ஒரு பங்கு, இடையிடையே ஒரு கைப்பிடித் தோட்ட மண் என்று அடுக்கி, பிழிந்த துணியின் ஈரப்பதத்தில் வைத்து, வாரம் ஒருமுறை கிளறுங்கள். மழை உள்ளே இறங்காதபடி மூடிவையுங்கள். நனைந்து கூழானால் நாற்றமெடுக்கும், அப்போது மேலும் காய்ந்த இலையைச் சேருங்கள். இப்போது தொடங்கினால், பிப்ரவரியில் மழை ஓய்ந்து நிலம் காயும்போது செடிகளைச் சுற்றி மூடாக்காகப் போடத் தயாராகியிருக்கும்.